காற்றுக்கு வைத்த பெயர்

கேள்வி: 'ஆர்ட்டரி' ரத்தக்குழாய், 'ட்ரக்கியா' மூச்சுக்குழாய். இந்த இரண்டு பெயர்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?

பதில்: ஒரே வீட்டுப் பிள்ளைகள்! பழைய கிரேக்கத்தில் 'ஆர்ட்டீரியா' என்றால் முதலில் மூச்சுக்குழாய்தான். செத்த உடலை அறுத்தால் ஆர்ட்டரிகள், அதாவது தமனிகள், பெரும்பாலும் காலியாக இருக்கும். ரத்தம் சிரைகளில் தேங்கிவிடும். ஆகவே தமனியிலும் காற்றுதான் ஓடுகிறது என்று கி.மு. 3ஆம் நூற்றாண்டின் எராசிஸ்ட்ராட்டஸ் போன்ற மேதைகளே நம்பினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர். குழப்பம் தீர, வளையம் வளையமாக இருக்கும் மூச்சுக்குழாயை 'ஆர்ட்டீரியா ட்ரக்கேயா', அதாவது சொரசொரப்பான ஆர்ட்டீரியா என்றார்கள். பிறகு நடந்ததுதான் அநியாயம். மூத்தவருக்கு அடைமொழி மட்டும் மிஞ்சியது. குடும்பப் பெயர் முழுவதும் இளையவருக்குப் போய்விட்டது!

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் கீறினார். வந்தது ரத்தம். கருத்து மாறியது, பெயர் அசையவில்லை.

எனக்கு இன்னும் பெரிய வியப்பு நம் 'தமனி'. வடமொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லின் வேருக்கும் 'ஊதுதல்' என்றுதான் பொருள்!