அப்பாவின் சிலிண்டரும் என் சிலிண்டரும்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் நான் வளர்ந்த காலத்தில், சுரங்கத்துக்குள் மூச்சு விடுவதற்கான காற்றைக்கூடக் கம்பெனிதான் அனுப்பியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டரைத் தாண்டிக் கீழே போயிருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். மேலேயிருந்து காற்றைத் தள்ளினால்தான் கீழே ஆள் நிற்க முடியும். துளை போடும் ஜாக்ஹாமரும் குழாய் வழியே வரும் அழுத்தக் காற்றில்தான் ஓடியது. கேஜ் என்ற கூண்டுத் தூக்கியில் இறங்குகிறவர் தன் காற்றைத் தானே தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே அன்று இடமில்லை.

அப்பா மீட்புப் பயிற்சி பெற்றவர். புகையும் விஷக் காற்றும் சூழ்ந்த இடத்துக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வரும் வேலை. அதற்கு அவர் பழகிய கருவி புரோட்டோ. இடுப்புக்குப் பின்னால் குறுக்காக ஒரு சிறிய எஃகு ஆக்சிஜன் சிலிண்டர், மார்பில் ஒரு மூச்சுப் பை, மூக்கில் கிளிப், வாயில் குழாய். விட்ட மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் பைக்குள் இருக்கும் ரசாயனம் உறிஞ்சிக்கொள்ளும். குறைந்த ஆக்சிஜனைச் சிலிண்டர் ஈடுகட்டும். இரண்டு மணி நேரம் தாங்கும். வால்வைத் தொடுமுன் அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். அழுத்தமேறிய ஆக்சிஜனோடு எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்.

அந்தக் கருவிக்கும் கடலுக்கும் உறவு உண்டு என்பது பின்னாளில் படித்துத் தெரிந்தது. புரோட்டோவின் மூலக் கருவியைச் செய்தவர் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனின் செவர்ன் சுரங்கப்பாதைக்குள் வெள்ளம் புகுந்து தேங்கியிருந்தபோது, 1880இல் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் அதை மாட்டிக்கொண்டு, இருண்ட தண்ணீருக்குள் 300 மீட்டர் நடந்து போய் இரும்புக் கதவை மூடினார். மேலேயிருந்து வரும் காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியவில்லை என்பதால்தான் அந்த ஏற்பாடு. சுரங்க மீட்பும் முக்குளிப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இன்று நான் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா கற்றுத்தருகிறேன். என் முதுகில் இருப்பதும் எஃகுதான். ஆனால் உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜன் சுமார் 6 மீட்டருக்குக் கீழே வலிப்பை வரவழைத்துவிடலாம். இன்னொரு பெரிய வேறுபாடு, இதை நானே தேர்ந்தெடுத்தேன் என்பது.

வெப்பக் கடல்களில் டைவ் சென்டர்கள் அதிகமாக வைத்திருப்பது அலுமினியச் சிலிண்டர். உப்பு நீருக்கு ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. ஆனால் வழக்கமான 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகும்போது சுமார் 2 கிலோ அளவுக்கு மேலே மிதக்கப் பார்க்கும். அதை அடக்க இடுப்பில் ஈயம் கூட்ட வேண்டும். 12 லிட்டர் எஃகுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று; காலியானாலும் பெரும்பாலும் மிதக்காது. எஃகின் எதிரி துரு. ஈரக் காற்று நிரப்பினாலோ, முழுக்கக் காலிசெய்து வால்வைத் திறந்து போட்டாலோ உள்ளே துரு பிடிக்கும். எப்போதும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வையுங்கள். மெல்லிய உடையோடு இறங்கும் நம் கடலில் மிகக் கனமான எஃகும் ஆபத்து. மிதவைச் சட்டை பழுதானால் நீந்தி மேலேற முடியாது.

வால்வில் இரண்டு வகை. யோக் என்பது, மூச்சுக்குக் காற்றைச் சீராக்கித் தரும் ரெகுலேட்டர் வால்வை வெளியிலிருந்து கவ்விப் பிடிப்பது. நம் பக்கத்தில் இதுவே பரவலாக இருக்கிறது. டின் என்பது ரெகுலேட்டரே வால்வுக்குள் மரையேறி இறுகுவது. காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் உள்ளே பத்திரமாக இருக்கும், இடிபட்டாலும் எளிதில் நழுவாது. நடுத்துண்டு இருந்தால் யோக்குக்கும், அதைக் கழற்றினால் டின்னுக்கும் பொருந்தும் வால்வு கிடைக்கிறது. புதிதாக வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கழுத்து மரை. 25 மில்லிமீட்டர் மரை வால்வு, முக்கால் அங்குல மரைச் சிலிண்டரிலும் ஓரளவு இறுகிவிடும். காற்று நிரப்பும்போது பிய்த்துக்கொண்டு பறந்து ஆளைக் கொல்லக்கூடும். இரண்டிலும் பொறித்திருப்பதைப் படித்து ஒப்பிடாமல் வால்வை மாற்றவே கூடாது.

எங்கள் ஊர்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. பம்புகள் நின்றதும், அப்பாவின் தலைமுறை காற்றுக்கு ஏங்கிய இடங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஊருக்குப் போகும்போது பையன்கள் கேட்கிறார்கள்: “அண்ணா, ஷாஃப்டுல டைவ் அடிக்கலாமா?” கூடவே கூடாது, தம்பிகளே. பொழுதுபோக்கு டைவுக்கு எல்லை 40 மீட்டர், அதுவும் தலைக்கு மேலே திறந்த நீர் இருக்கும் இடத்தில். ஷாஃப்டில் தளர்ந்த பாறையும் கெட்ட காற்றும் காத்திருக்கும்.

கடலுக்கு வாருங்கள். வந்ததும் சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால், எவர் சொன்னாலும் அதை முதுகில் ஏற்றாதீர்கள். கேட்டுப் பார்த்து வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.