பேராண்டி கட்டுற ஆறுதல் பொட்டி

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மனசுப் புண்ணை ஆத்துறதுக்கு வி.ஆர். விளையாட்டு செய்யிறியாம்ல? ரொம்ப நல்ல காரியம். செஞ்சு முடிச்சதும் மொத ஆளா நாந்தான் மாட்டிக்குவேன். பாட்டன் காலத்து வரப்புச் சண்டை பத்து நிமிசத்துல ஆறிப் போச்சுன்னா நம்ம வக்கீலு சோத்துக்கு என்ன பண்ணுவாருங்கிறதுதான் என் கவலை.

நேத்து உங்க அப்பத்தா தலையில அந்தப் பொட்டியை மாட்டி விட்டியே, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தாமரைக் குளத்து மேல அவளைப் பறக்க விட்ட. அவ கட்டில் சட்டத்தைப் பிடிச்ச பிடியில கைநரம்பு பொடைச்சுக்கிச்சு. கழட்டுனதும் கேட்ட மொத வார்த்தை, "எலுமிச்சம்பழம் இருக்கா?" மனசு ஆறுறதுக்குள்ள வயிறு பொரட்டிருச்சு. பெறகு பொரட்டாம? கண்ணு பறக்குறோம்ங்குது, காதுக்குள்ள இருக்கிற நெதான உறுப்பு உக்காந்திருக்கோம்ங்குது. ஆளைப் பறக்க விடாதடா. இருந்த எடத்துல இருக்க வச்சு, அவ தலை திரும்புனா மட்டும் படத்தைத் திருப்பு. நொடிக்கு 72 படமாச்சும் தடங்காம ஓடணும்னு நீதான சொன்ன? அப்புறம் எதுக்கு ஆயிரம் தாமரை? பாதியைப் பிடுங்கிப் போடு, ஓட்டம் சீராயிரும். அரைக்கிலோப் பொட்டியை எம்புட்டு நேரம் கழுத்து தாங்கும்? பத்து நிமிசத்துக்கு மேல இழுக்காத.

மூலையில பச்சைக் கோடு ஒண்ணு ஏறுச்சே, "மன அமைதி 60 சதம்"னு? அட கருமமே! எழவு வீட்டுல கட்டிப்பிடிச்சு அழுகிறவ, நடுவுல நிறுத்தி "எம்புட்டு ஆறுச்சு?"ன்னா கேப்பா? சியாட்டில்ல ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் செஞ்ச 'ஸ்னோ வேர்ல்ட்' கதையை நீதான படிச்சுக் காட்டுன. தீக்காயத்துக்குக் கட்டு மாத்துறப்ப, நோயாளி பனிப் பள்ளத்தாக்குல பனி உருண்டையை எறிஞ்சுக்கிட்டு இருப்பான். கவனம் அங்கிட்டுப் போக, வலி கொறைஞ்சு தெரியும். நான் ஆத்துறேன்னு அந்த விளையாட்டு மார் தட்டலை. மருந்து போடுறது நர்சம்மா கை.

இன்னொண்ணும் சொன்னியே, 2016-ல லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்காரகளும் பார்சிலோனாவுல இருக்கிற மெல் ஸ்லேட்டரும் சேந்து செஞ்சது. அதுதான்டா எனக்குப் பிடிச்சது. மனச்சோர்வு உள்ளவக 15 பேரு, ஆட்டம் எட்டே நிமிசம். அழுகிற பிள்ளை முன்னாடி பெரிய ஆளா நின்னு ஆறுதல் சொல்லணும். அது முடிஞ்சதும் ஆளை மாத்தி, அந்தப் பிள்ளை உடம்புக்குள்ளயே உக்கார வச்சிட்டாக. இப்ப எதிர்ல அந்தப் பெரிய ஆளு. அது பேசுறது இவன் சத்த முந்தி சொன்ன அதே பேச்சு, இவன் குரல்லயே! ஊரான் பிள்ளைக்கு அள்ளிக் குடுக்கிற ஆறுதலைத் தனக்குன்னு ஒரு பொழுதும் குடுத்துக்காதவன் காதுல அது எப்படி விழுந்திருக்கும்? வாரம் ஒண்ணா மூணு தடவை. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா ஒம்பது பேருக்குச் சோர்வு கொறைஞ்சிருந்துச்சாம். ஒப்பிட்டுப் பாக்க வேற கூட்டம் வைக்காத சின்னச் சோதனைதான். உடனே பஸ் ஸ்டாண்டுல தட்டி வச்சிராத.

இப்ப உன் சரக்குக்கு வாரேன். அதுல ஒரு அம்மா தேன் கொழைச்ச குரல்ல, மூச்சை இழு, விடு, "நீங்கள் தனியாக இல்லை"ன்னு ஓயாம பேசுறா. கண்ணையும் காதையும் மூடி ஒத்தையில உக்கார வச்சவகிட்டச் சொல்ற பேச்சாடா இது? அவளை நிறுத்திட்டு மைக்கைத் தெற. விளையாடுறவன் யாருக்கோ சொல்ற மாதிரி நாலு வார்த்தை சொல்லட்டும், கடைசியில அதை அவனுக்கே கேக்க விடு. வேணாம்னா சட்டுனு வெளிய வர ஒரு வழி வை. கழட்டுறப்ப பக்கத்துல ஒரு ஆளு இருக்கட்டும். "வாழ்த்துகள், நீங்கள் குணமாகிவிட்டீர்கள்"னு பூ மட்டும் தூவிராத. நாளைக்கு அவன் மறுபடி அழுதா, அதுக்கும் அவனையே குத்தம் சொல்லுவான்.

என்னடா முழிக்கிற? அந்தக் குரலுக்கு முன்பணம் குடுத்தாச்சா? எம்புட்டு? அடப்பாவி! வள்ளி திருமணத்துல வள்ளி வேசம் கட்டுனவன்டா நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதிக் காசுக்கு நானே பேசியிருப்பேனே!