கப்ளருக்கு ஊறுகாய்

பழைய டீசல் வண்டி ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம். செல்ஃப் எடுக்க பேட்டரி வேண்டும், ராத்திரியானால் விளக்கு வேண்டும். மற்றபடி பம்ப் தன் பாட்டுக்கு டீசலைத் தள்ளும். சிலிண்டருக்குள் அழுந்திச் சூடான காற்றில் அது தானாகப் பற்றிக்கொள்ளும். இன்றைய பி.எஸ். 6 வண்டியில் இந்தக் கதையெல்லாம் நடக்காது, ஒரு சென்சார் வயர் அறுந்தாலே கம்ப்யூட்டர் முறுக்கிக்கொள்ளும். என்னுடையது பழசு. கரண்டே வேண்டாத இன்ஜினுக்கு வயரிங் என்ன பெரிய வித்தை, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

வண்டி டாடா 407. ஜப்பான் கூட்டுக் கம்பெனிகளின் மினி லாரிகள் வரிசையாக வந்து இறங்கிய காலத்தில், 1986இல், டாடா போட்டிக்கு விட்ட மாடல். என் கைக்கு வந்தது எத்தனையாவது கை என்பது ஆர்.சி. புத்தகத்துக்குத்தான் தெரியும். மரக்காணம் அளத்தில் உப்பு ஏற்றி, கூனிமேடு, காலாப்பட்டு தாண்டிக் கோட்டக்குப்பம் வந்து, அங்கிருந்து பாண்டிக்குள் கடைகளுக்குப் போடுவது அதன் பிழைப்பு, என் பிழைப்பும்.

உப்பு வண்டி எப்போதும் ஈரமாகவே இருக்கும். மழை வேண்டியதில்லை. சுத்தமான உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். அளத்து உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். இந்தக் கடற்கரையில் அவ்வளவு காய்ந்த காற்றை நான் பார்த்ததில்லை. எனவே சாக்கிலிருந்து வடிந்தது சேசிஸில் ஒட்டி, நட்டநடு மே மாதத்திலும் பிசுபிசுவென்று இருக்கும். செம்புக் கம்பிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. இதையெல்லாம் நான் முன்பே படித்துத் தெரிந்துவைத்திருந்தேன் என்பதுதான் கேவலம்.

முதலில் டெஸ்ட் லேம்ப் வாங்கினேன். ஊசி முனை, ஒரு பல்பு, ஒரு கிளிப். எங்கே கரண்ட் வருகிறது என்று பார்க்க, கண்ட வயரிலெல்லாம் ஊசியால் குத்திப் பார்த்தேன். பல்பு எரியும்போதெல்லாம் ஒரு டாக்டர் மிதப்பு. அடுத்த மழைக்குள், குத்திய இடம் ஒவ்வொன்றிலும் உள்ளே பச்சைப் பொடி. மேல்தோலில் ஊசித் துளை கண்ணுக்கே தெரியாது. உப்புத் தண்ணீருக்குத் தெரிந்திருக்கிறது. துளைக்குள் நுழைந்து, திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி இழைகளுக்கிடையே ஏறிப் போய், நான் குத்தாத இடத்தையும் தின்றிருந்தது.

அழுகிய வயர்களை மாற்றினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு சிவப்பு வயர்க் காயில் இருந்தது. செலவு மிச்சம் என்று ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஆயில் பிரஷர் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு. எது எது என்று பேப்பரில் எழுதி ஒட்டியும் வைத்தேன். பேனா மை ஐப்பசியைத் தாண்டவில்லை. அதன் பிறகு ஹாரனுக்குப் போகிற வயர் எது என்று தெரிய, ஒவ்வொன்றாகக் கழற்றி ஹாரனை அமுக்கிப் பார்ப்பதுதான் வழி.

எங்கள் தெருமுனையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். ஊருக்கே அவர் பாய். ஒருநாள் பானட்டைத் தூக்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் தம்பி, கட்சி மாறிட்டியா?" என்றார்.

அப்போதாவது அவரிடம் வண்டியைக் கொடுத்திருக்கலாம். மானம் இடம் கொடுக்கவில்லை. பழைய வண்டியை நவீனப்படுத்துவது என்று இறங்கினேன். டேஷ்போர்டில் மங்கலாக எரிகிற குண்டு பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் எல்.இ.டி. போட்டேன். சார்ஜ் லைட்டுக்கும். இரவில் மரக்காணத்திலிருந்து லோடோடு கிளம்பினால், டேஷ்போர்டு சினிமா தியேட்டர் மாதிரி இருந்தது. அதிலும் அந்தச் சிவப்பு சார்ஜ் லைட், என்ன பளபளப்பு! சார்ஜ் ஏறவில்லை என்று அது வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தது. நான் ரசித்துக்கொண்டே வந்தேன். காலாப்பட்டு வருவதற்குள் ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமானது. அப்போதும் அப்படியே ஓட்டியிருந்தால் வீடு வந்திருக்கும், டீசலுக்குத்தான் கரண்ட் வேண்டாமே. நான் டீ குடிக்க நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உப்பு லோடைத் தள்ளிவிட்டார்கள்.

விஷயம் இதுதான். பழைய ஆல்ட்டர்நேட்டர் முதலில் விழித்துக்கொள்ள அதன் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போக வேண்டும். அது போகிற வழியே அந்த சார்ஜ் லைட் பல்புதான். 3 வாட் பல்பு கால் ஆம்பியர் விடும், எல்.இ.டி. விடுவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்ஜினை நன்றாக முறுக்கினால் உள்ளே மிஞ்சியிருக்கும் காந்தத்திலேயே சில சமயம் எழுந்துகொள்ளும், லோடு வண்டியை நான் ஓட்டுகிற வேகத்தில் எழாது. அந்தக் கால உப்பு வணிகர்களான உமணர்கள் தங்கள் வண்டியின் அடியில் உபரியாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூற்றில் ஔவையார் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷம் கழித்து அதே உப்பை ஏற்றிக்கொண்டு போன நான், கையிலிருந்த நல்ல பல்பைக் குப்பையில் போட்டிருந்தேன்.

ஹெட்லைட்டுக்கு ரிலே இல்லாமல் 100 வாட் பல்பு போட்டு டிப்பர் ஸ்விட்சை உருக்கிய கதை எல்லா லாரிக்காரர்களுக்கும் இருக்கும். அதைச் சொல்லி நேரத்தைக் கெடுக்கவில்லை.

சிலிக்கானைச் சொல்லாமல் விட முடியாது. வயரும் வயரும் சேரும் கப்ளருக்குள் ஈரம் போகாமல் அடைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டி, ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் டைல்ஸ் ஓரத்துக்குப் பூசும் சிலிக்கான் ட்யூப் வாங்கி வந்தேன். ஒவ்வொரு கப்ளரிலும் வாய் நிறையப் பிதுக்கினேன். இரண்டு நாள் கேபினில் காடி வாசம் அடித்தது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள். புது மருந்தின் வீரியம் என்று நினைத்துக்கொண்டேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிப் பக்கம் கரை கடந்தது. மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை. தெருவில் தண்ணீர் நிற்க, வண்டியின் கப்ளர்கள் நான் அடைத்த அடைப்போடு பத்திரமாக இருக்கின்றன என்று ஜன்னலிலிருந்து பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடிந்த பிறகு எதுவும் எரியவில்லை. பாய் வந்தார். நகத்தால் சிலிக்கானை உரித்து, மூக்கருகே கொண்டு போனார். உள்ளே பித்தளை முள் பாசி பிடித்த மாதிரி இருந்தது. "கப்ளருக்கு ஊறுகாய் போட்டிருக்கியே தம்பி" என்றார். அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அந்த அமிலமும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் செம்போடும் பித்தளையோடும் நானே பூட்டிவைத்திருந்தேன். எலக்ட்ரிக் வேலைக்கு அமிலம் விடாத வகை தனியாக இருக்கிறது. பாய் அதையும் தொடுவதில்லை.

அவர் வயரிங் செட்டையே புதிதாகக் கட்டினார். ஒரு பலகையில் வண்டியின் அளவுக்கு ஆணி அடித்து, வெள்ளீயம் பூசிய கம்பி வயர்களை ஆணிக்கு ஆணி இழுத்து, வேலைக்கு ஒரு நிறம் வைத்து, மேலே டேப் சுற்றினார். ஈயப் பற்று வைக்கவில்லை. லக்கை நசுக்கிப் பிடித்து, பசை உள்ள உறையைச் சூடு காட்டிச் சுருக்கினார். பற்று வைத்த இடம் விறைத்து, ஆட்டத்தில் அதன் ஓரத்திலேயே ஒடியும் என்றார். நான் பற்று வைத்த இடங்கள் எல்லாம் ஏன் ஒடிந்தன என்பது அப்போது விளங்கியது, வெளியே சொல்லவில்லை. ஒவ்வொரு கப்ளருக்கும் முன்னால் வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தார், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிட. தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வந்தது போக வழி இருந்தால் போதும்.

இத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். அதற்கப்புறம் கிளட்ச் பிளேட் மாற்றும் வேலை வந்தது. மெக்கானிக்கிடம், "வயர் விஷயமெல்லாம் நான் மாட்டிக்கிறேன்ணே" என்றேன். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த்துப் பட்டையை மட்டும் மாட்ட மறந்தேன். இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரும் திரும்பிப் போக வேறு இரும்பு கிடைக்காமல், ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள் வழியாகப் போனது. இன்ஜின் பிடித்துக்கொண்டது, கேபினுக்குள் புகை. அணைக்கலாம் என்று ஸ்டாப் குமிழைப் பிடித்து இழுத்தேன். விரல் வெந்தது, குமிழ் வரவில்லை, உள்ளே கேபிள் உருகி ஒட்டியிருந்தது. சாவியைத் திருப்பினேன். இந்த இன்ஜினுக்குத்தான் கரண்ட் வேண்டாமே, அது பாட்டுக்கு ஓடியது. கடைசியில் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு, குலுக்கிக் கொன்றேன். மெக்கானிக் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார்; தோள் குலுங்கியது.

இப்போது பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. பின் விளக்கு எர்த்துதான், சந்தேகமில்லை. ஒரு போல்ட், கொஞ்சம் உப்புத்தாள், பத்து நிமிஷ வேலை. பாய் வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பட்டும், பார்த்துவிடுகிறேன்.