எழுத்தாளர் அப்பா

கிள்ளானில் எந்தத் தாமானுக்குப் போனாலும் ஓர் எழுத்தாளர் அப்பா இருப்பார். வாரநாள்களில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை இலக்கியவாதி. அன்று விடிந்ததும் பேப்பர் கடையில் நிற்பார். ஞாயிறு பதிப்பில் தன் கதை வந்திருந்தால் மூன்று பிரதி. வராவிட்டால் ஒன்று, யாருடைய கதை வந்திருக்கிறது என்று பார்த்து வயிறெரிய அது போதும். 1924-இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றபோது இவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஒரு பேப்பர் காசு மிச்சம்" என்று மனைவி சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை.

எழுதுவதெல்லாம் குடும்பக் கதைதான். பாசம், பிள்ளை வளர்ப்பு, கைப்பேசியால் கெட்டுப்போன தலைமுறை. ஆனால் எழுதும் நேரத்தில் குடும்பம் மூச்சுவிடக் கூடாது. மிக்சிகூட ஓடாது. கதவருகே தயங்கி நிற்கும் மகனிடம், "டேய், பிள்ளைங்ககிட்ட மனசுவிட்டுப் பேசணும்னு எழுதிக்கிட்டு இருக்கேன், அப்புறம் வா" என்பார்.

பிள்ளைகளும் உஷார். "அப்பா, கதையில போட்டுறாதீங்க" என்று சத்தியம் வாங்கிய பிறகே பள்ளியில் நடந்ததைச் சொல்வார்கள். சத்தியத்தை இவர் மீறுவதும் இல்லை. மகள் கணக்கில் கோட்டைவிட்டது அடுத்த மாதம் 'ரமேஷ்' என்ற பையனின் சோகமாக அச்சேறும். தாமான் முழுக்க அவளைப் பார்த்து, "அடுத்த பரீட்சையில பார்த்துக்கலாம்மா" என்று ஆறுதல் சொல்லும்.

எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுக்கச் சொல்லி மேடையில் முழங்கும் நாளில் மட்டும் மகனைக் கூட்டிப் போக மாட்டார். அவன் எடுத்திருப்பது கணக்கியல். எடுத்ததும் நல்லதுக்குத்தான்.

ஏனென்றால் புத்தகம் வெளியாகும் நாளில் அந்தப் படிப்புதான் கைகொடுக்கிறது. மலேசியாவில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்பதைவிட மண்டபத்தில்தான் அதிகம் விற்கும். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கம் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. டத்தோ ஒருவர் முதல் நூலைப் பெறுவார். பின்னால் வரிசை நகரும். ஒவ்வொரு கையிலும் ஓர் உறை. அச்சுச் செலவு அந்த உறைகளுக்குள்தான் இருக்கிறது. வாசல் மேசையில் பட்டுப்புடவையோடு மனைவி உட்கார்ந்து, "பேரு சொல்லுங்கண்ணே" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார். கல்யாண மொய் மாதிரி, நாளை அவர்கள் புத்தகம் போட்டால் திருப்பிச் செய்ய வேண்டுமே! மகன் உறையைப் பிரித்துக் கூட்டுவான். மகள் படம் எடுப்பாள். அதில் அப்பாவைவிட டத்தோ தெளிவாக விழ வேண்டும்.

ஏற்புரையில் டத்தோவுக்கு நன்றி, சங்கத் தலைவருக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி, மைக் செட்காரருக்கும் நன்றி. குடும்பத்துக்கு வரும்போது நெறியாளர் துண்டுச்சீட்டு நீட்டிவிடுவார். "நேரமின்மை காரணமாக…"

மிச்சப் புத்தகம் பெட்டி பெட்டியாக வீடு திரும்பும். கட்டிலுக்கு அடியில் அடங்காததன் மேல் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அப்பாவோ பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக்கை ஆறவிட்டு நண்பர்களிடம் கணக்குப் போடுவார்: "நாட்டுல ஐந்நூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி. பள்ளிக்கு ரெண்டு வாங்கினாலே ஆயிரம் போயிருமே!" இந்தக் கணக்கைப் போடாத எழுத்தாளரை நான் பார்த்ததில்லை, தலைமையாசிரியர்கள்தான் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

கேலி செய்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே பல தமிழ்ப் புத்தகங்களுக்குப் பதிப்பகம், கிடங்கு, கணக்குப்பிள்ளை எல்லாம் அந்த ஒரு வீடுதான். ஆகவே அடுத்த நூல் வெளியீட்டுக்கு அழைப்பு வந்தால் போங்கள். படம் பிடிக்கட்டும் என்று உறையோடு மேடையில் காத்திருக்க வேண்டாம்; வாசல் மேசையில் இருக்கும் அந்த அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள், முடிந்தால் இரண்டாக. அவர்கள் வீட்டில் இனி இடமில்லை.