பின்பக்கமாக மலையேறிய கார்

கேள்வி: ஃபோர்டின் ‘மாடல் டி’, ஃபோக்ஸ்வேகனின் ‘பீட்டில்’. இரண்டில் ஒன்றை இனாமாகத் தந்தால் எதை வாங்கிக்கொள்வீர்கள்?

பதில்: மாடல் டி-யைத்தான்! ஓட்டுவதற்குத்தான் புதிதாகப் பழக வேண்டும். காலடியில் மூன்று பெடல்கள்: இடது பக்கம் கியருக்கு, நடுவில் ரிவர்ஸ், வலது ஓரம் பிரேக். ஆக்ஸிலரேட்டரைக் காலால் தேடிப் பயனில்லை, அது ஸ்டீயரிங்குக்குக் கீழே கையால் இழுக்கும் நெம்புகோல். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். பம்ப் கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பெட்ரோல் தானாக இறங்கினால்தான் உண்டு. டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் இன்ஜின் நின்றுவிடும். அமெரிக்கக் கிராமத்துக்காரர்கள் அசரவில்லை. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மலையேறினார்கள்! 1908-ல் 850 டாலருக்கு வந்த கார், 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. விவசாயி வீட்டு வாசலில் கார் நின்றது அதனால்தான்.

பீட்டிலும் லேசுப்பட்டதல்ல. இன்ஜின் பின்னால், அதைக் குளிர்விப்பது காற்று. ரேடியேட்டரே இல்லாததால் அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. 1960-களில் வந்த பல பீட்டில்களில் முன்கண்ணாடியைக் கழுவத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது எது தெரியுமா? ஸ்டெப்னி டயரில் இருந்த காற்று! அந்த ஒரு யோசனைக்காகவே அதை வடிவமைத்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கலாம். எண்ணிக்கையிலும் ஜெயித்தது பீட்டில்தான். மாடல் டி-யின் ஒன்றரைக் கோடி சாதனையை 1972 பிப்ரவரியில் முறியடித்து, 2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவந்தபோது 2.1 கோடியைத் தாண்டியிருந்தது.