ஊரெல்லாம் கிம்

கேள்வி: தென்கொரியாவில் திரும்பிய பக்கமெல்லாம் 'கிம்' ஆக இருக்கிறார்களே, எல்லாரும் பங்காளிகளா?

பதில்: 2015 கணக்கெடுப்புப்படி ஒரு கோடிக்கும் மேல், ஐந்தில் ஒருவர். அத்தனை பேரும் பங்காளி என்றால் பாகப்பிரிவினை வழக்கு முடியவே முடியாது! ஒரு காலத்தில் குடும்பப்பெயர் அங்கே பெரிய இடத்துச் சமாசாரம். அடிமைகளுக்குக் கிடையாது. ஜோசோன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நொடித்துப்போன பிரபுக்கள் வம்சாவளி ஏட்டை விற்க, காசுள்ளவர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1909-இல் குடும்பப்பெயர் கட்டாயமானதும் மிச்சப் பேரில் பலரும் பெரிய வம்சமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். (இலவசம் என்றால் சின்னதை யார் எடுப்பார்?) கிம் அப்படிப்பட்ட பெரிய வம்சம்: கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம்களின் மூதாதை சுரோ மன்னர் பொன் முட்டையிலிருந்து பிறந்தவராம். இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்றானதில் திண்டாடியது காதலர்கள்தான். குடும்பப்பெயரும் பூர்விக ஊரும் ஒன்றானால் கல்யாணம் கூடாது என்ற சட்டம், அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னதே 1997-இல்தான்.