கயிறு இருக்கக் காற்று எதற்கு?

மெட்ராஸ் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரைக்குக் கப்பல்களை மேய்த்தது போதவில்லை போலிருக்கிறது. 1911-ல் பாய்மரப் படகுகளுக்கும் ஒரு கிளப் ஆரம்பித்தார். இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதுதான். குப்பத்து ஆட்கள் பாய் கட்டிப் போனால் பிழைப்பு, துரைமார் போனால் பந்தயம்.

ஆனால் கடல்காற்று துரைக்கும் சலாம் போடாது. வெயிலில் தரை கொதித்து, அதன்மேல் இருக்கும் காற்று எழும்பினால்தான் அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்பும். ஆனி, ஆடியில் மேல்காற்று கரையிலேயே நின்று அதை மறித்துக்கொள்ளும். மதியம் ரெண்டு, மூணு மணி வரைகூட இந்தப் பஞ்சாயத்து ஓயாது. அதுவரை பாய் தொங்கும், துரையின் முகமும் தொங்கும். அதே துறைமுக ஆபீசில் 1912 முதல் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய ராமானுஜன் மட்டும் எந்தக் காற்றுக்கும் காத்திராமல் முடிவிலி வரைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்.

மேல்காற்றுக்கு மதுரைப் பக்கம் எங்கள் வாடிப்பட்டியிலும் பங்காளி உண்டு. ஆடியில் வாழைத்தோப்புக்காரனைக் கேளுங்கள், கெட்ட வார்த்தையோடு சொல்வான். கடலோ கிழக்கே நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. கடல்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் ராச்சாப்பாடே முடிந்திருக்கும்.

இதையெல்லாம் யோசித்துத்தானோ என்னவோ, திருமலை நாயக்கர் 1645-ல் மதுரை வண்டியூரில் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளத்துக்குத் தெப்பக்குளம் வெட்டியபோது, காற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "மகாராஜா, காற்று அடிக்காவிட்டால்?" என்று மந்திரி இழுத்திருப்பார். "ஏய்யா, ஊர்ல ஆள் இல்லையா?" தீர்ந்தது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிய தெப்பத்தைக் கரையில் நிற்கும் சனம் வடம் பிடித்து இழுக்கும். காலையில் ரெண்டு சுற்று, சாயங்காலம் ஒன்று. பாயும் கிடையாது, துடுப்பும் கிடையாது. பந்தயத்தில் ஒரே படகு என்பதால் வருஷாவருஷம் அம்மனுக்கே முதலிடம். நடுவர் செலவு மிச்சம்.

ஒரே ஒரு இடத்தில் நாயக்கர் ஏமாந்தார். காற்றை நம்பாத மனுஷன் வைகையை நம்பிவிட்டார். பின்னாளில் பல வருஷம் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெப்பத்தைக் கட்டி நிறுத்தியதோடு சரி, அதற்கு 'நிலைத்தெப்பம்' என்று கௌரவமாகப் பேரும் வைத்தாயிற்று. மற்ற நாட்களில் பொடியன்கள் குளத்துக்குள் ஸ்டம்பு நட்டார்கள். காற்று எந்தத் திசையில் அடித்தாலும் மட்டை கொண்டுவந்தவனுக்குத்தான் முதல் பேட்டிங்.